கரடி தள்ளாடிக்கொண்டு போன இடம்

ஒரு காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. காட்டின் பேர் வேண்டாம், அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சடையன் நல்ல கரடிதான். மரம் ஏறும், தேன் எடுக்கும், குட்டியைத் தோளில் தூக்கி வைத்துக் கொஞ்சும். இதெல்லாம் மத்தியானம் வரைக்கும். அதற்குப் பிறகு கீரி நடத்துகிற இலுப்பைப்பூச் சாராயக் கடைக்குப் போய்விடும்.

ஒரு நாள் குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனது. திரும்பி வரும்போது ஓடையில் விழுந்தது. சடையன் எழுந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. குட்டி வரவில்லை. நீர்நாய்தான் அதைக் கவ்விக்கொண்டு வந்து வாசலில் விட்டது.

பெண்டாட்டி வெள்ளத்தாயி அன்றைக்கு அழவில்லை. குட்டியைத் துடைத்துவிட்டுச் சொன்னது: "ஏங்க, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா புள்ளையத் தூக்கிட்டு எங்கம்மா குகைக்குப் போயிருவேன். கூப்பிட வந்தாலும் வரமாட்டேன்."

சடையன்தான் அழுதது. "குடிய விடணும்னுதான் நினைக்கேன் புள்ள. தனியா முடியல."

குட்டிக்கு ஊசி போடப் போன இடத்தில், நர்ஸ் கொக்கு வெள்ளத்தாயியின் காதில் சொன்னது: "குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம் இந்தக் காட்டுலயே நடக்குதாம். காசு கிடையாது. பேரு கூடக் கேக்க மாட்டாங்களாம்."

"எங்க சிஸ்டர் நடக்குது?"

"அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

வெள்ளத்தாயி தேடப் போனது. சாராயக் கடைக்கு வழி காட்ட மரத்துக்கு மரம் அம்புக்குறி இருந்தது. இந்தக் கூட்டத்துக்கு ஒரு இலையில்கூட எழுதி வைக்கவில்லை.

பக்கத்துக் குகை முள்ளம்பன்றியம்மாவிடம் கேட்டது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வந்துவிட்டது அதற்கு. "எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது மதினி. எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

மான் வாத்தியாரிடம் கேட்டது. "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் படிச்சவன்" என்றது மான்.

முயலின் போனை வாங்கித் தேடியது. போன் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று கூட்டிக்கொண்டு போய், சாராயக் கடை வாசலில் நிறுத்தி, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது.

"உன் போனும் குடிச்சிருக்கு" என்று முயலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது வெள்ளத்தாயி.

வேறு வழியில்லாமல் கீரியிடமே போய்க் கேட்டது. கீரி சிரித்தது.

"இதக் கேக்க இம்புட்டு நாளா தங்கச்சி? என் கடைக்குப் பின்னாலதான். புத்துக்கு அங்கிட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டீயே இங்கருந்துதான் போகுது."

"ஒங்க வியாபாரம் கெட்டுப்போகாதாண்ணே?"

"ஊர்ல அத்தனை பேரும் மானஸ்தனா இருக்கிற வரைக்கும் எனக்கு என்ன பயம்?"

கீரி சொன்னது வெள்ளத்தாயிக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து சடையனிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் விளங்கியது.

"கூட்டத்துக்கா? நாலு பேரு பாத்தா என் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று சடையன் குதித்தது.

"நேத்து பாதையில குப்புற விழுந்து கெடந்தீங்க. ஒங்க மேல ஏறித்தான் ஆடெல்லாம் போச்சு."

"அது குடிச்சிட்டு விழுந்தது. ஆம்பளன்னா விழத்தான் செய்வான். இது தெளிவா இருக்கும்போதே நடந்து போகணும்ல? இவனுக்கு என்னமோ கோளாறுன்னு பேச மாட்டாங்களா?"

வெள்ளத்தாயி உள்ளே போனது. ஒரு காலி பாட்டிலை எடுத்துவந்து அதன் கையில் திணித்தது. "இதப் பிடிச்சிக்கிட்டு தள்ளாடிக்கிட்டே போங்க. கடைக்குப் போறதா நினைச்சுக்குவாங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

அப்படியே நடந்தது. வழியில் எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். "கடைக்குத்தான் போறாரு, பாவம்" என்றது முள்ளம்பன்றியம்மா. சடையன் மானத்தோடு புற்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

அங்கே கோயில் வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி காலி பாட்டில்கள் கிடந்தன. உள்ளே பாதிக் காடு உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குகை முள்ளம்பன்றியம்மாவின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டது. மான் வாத்தியார் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தது.

"வாங்க தம்பி. பாட்டிலை ஓரமா வச்சிட்டு உக்காருங்க. போகும்போது மறக்காம எடுத்துக்குங்க."

வாரா வாரம் சடையன் போனது. குடி நின்றது. குட்டி மறுபடி அதன் தோளில் ஏறியது. வெள்ளத்தாயி நிம்மதியாகத் தூங்கியது. அங்கேதான் வம்பு வந்தது.

"என்ன மதினி, ஒங்க வீட்டுல சத்தமே காணோம்?" என்று முள்ளம்பன்றியம்மா எட்டிப் பார்த்தது. "அண்ணன் அந்தக் கூட்டம் கீட்டம்னு போறாரோ?"

வெள்ளத்தாயிக்குப் பதறிவிட்டது. "சேச்சே! அந்த அசிங்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது மதினி. இப்பக்கூட உள்ள விழுந்துதான் கெடக்காரு."

அன்று சாயங்காலம் வெள்ளத்தாயி ஒரு பானையை எடுத்து வாசலில் போட்டு உடைத்தது. "கத்துங்க" என்றது மெதுவாக. சடையன் கத்தியது. "இன்னும் கேவலமா கத்துங்க." அதுவும் கத்தியது. குட்டி கைகொட்டிச் சிரித்தது. "நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்" என்று வெள்ளத்தாயி நன்றாக ஒப்பாரி வைத்தது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் குகையிலும் ஒரு பானை உடைந்தது.

"அவங்க வீட்டுலதான் அந்தப் பழக்கமே இல்லைன்னாங்களே?" என்றது வெள்ளத்தாயி.

சடையன் வாயைத் திறக்கவில்லை. அங்கே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது கூட்டத்தின் கட்டுப்பாடு.

நீதி: குடித்துவிட்டுப் பாதையில் விழுவது குடும்ப கௌரவம். குடியை விட்டவர்கள் அக்கம்பக்கம் பார்த்துத் தள்ளாடவும்.