மரண அறிவிப்பு ராகத்தில் ஓர் இன்டர்வியூ

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் மட்டுமல்ல, சொந்தமாக மைக்கும் உண்டு. இருந்தும் கவிழ்ந்தேன்.

கேரள எல்லையோரம் வெள்ளறடையில் மைக் செட் வைத்திருக்கிறேன். ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஒற்றசேகரமங்கலம் வரைக்கும் அறிவித்துக்கொண்டே போவேன். என் தொழிலுக்கு ராகம் இரண்டே இரண்டு. கிறிஸ்தவ சபையின் கன்வென்ஷன் கூட்டமோ கோயில் உற்சவமோ என்றால் குரல் துள்ளி ஏறும். மரணம் என்றால் ஒவ்வொரு வாக்கியமும் மெல்ல இறங்கி, கடைசிச் சொல்லில் குழிக்குள் போய்விடும். இன்னாரின் அன்பு மனைவி என்று நான் இழுக்கும்போதே, பெயர் வருவதற்குள் கப்பைக்கிழங்குத் தோட்டத்தில் நிற்பவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் ராகம் ஒன்றுதான். (செத்தவருக்குப் பாஷை எதற்கு?)

என் மனைவி ஷைனி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருடம். அவளுடைய விசாவில் என்னைக் கூட்டிப்போக வழியில்லை. நானும் தனியாக ஒரு வேலை வாங்கினால்தான் உண்டு. அவள் இருக்கும் ஊரிலேயே இன்னொரு இல்லத்தில் ஆள் தேடினார்கள். வயதானவர்களைத் தூக்கவும் துடைக்கவும் நான் தயார். இங்கிலீஷும் படித்தவன்தான். ஷைனிக்குத்தான் பயம்.

"ஒங்களுக்க இங்கிலீஷ் தப்பில்ல. பாட்டுதான் தப்பாக்கும்," என்றாள் போனில்.

பாடமும் எடுத்தாள். உன் டீயை நான் எடுக்கவில்லை என்று இங்கிலீஷில் சொல்லும்போது, 'நான்' என்ற இடத்தில் அழுத்தினால் வேறு யாரோ எடுத்தார்கள் என்று அர்த்தமாம். 'உன்' என்ற இடத்தில் அழுத்தினால் எடுத்தது இன்னொருவர் டீயாம். அங்கே சொல்லைவிட அதன் ஏற்ற இறக்கத்தைத்தான் கேட்பார்களாம். நான் சொன்னால், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் விட்டெடுத்த மாதிரி எல்லாச் சொல்லும் ஒரே கனத்தில் வந்தது. (டீயை யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.) ஆனாலும் விடவில்லை. ஆட்டோவில் போகும்போதெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, டீயை எடுக்காமலே திரிந்தேன்.

இன்டர்வியூ நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு, கடையில் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். அதோடு நின்றிருக்கலாம். மைக் செட்காரன் லேப்டாப்பின் கடுகளவு மைக்கில் பேசினால் தொழிலுக்கே இழுக்கு என்று தோன்றியது. என் சொந்த மைக்கை எடுத்து இணைத்து, எக்கோவும் கொஞ்சம் வைத்தேன். மைக் கைக்கு வந்ததும் வருஷக்கணக்கான பழக்கம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடது கை தானாகவே காதைப் பொத்தியது.

திரையில் ஓர் அம்மாவும் ஒரு நடுவயதுக்காரரும் தெரிந்தார்கள். எங்கள் நாட்டுக்கு வர ஏன் விரும்புகிறீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா.

"மை… லவிங் ஒய்ஃப்… ஷைனி… இஸ் தேர்," என்றேன்.

கண் தானாகவே கூரைக்குப் போயிற்று. கடைசிச் சொல் இறங்கிக் குழிக்குள் விழுந்தது. எக்கோ அதை மேலும் இரண்டு தடவை புதைத்தது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மிகவும் வருந்துகிறேன் என்றார். லைன் சரியில்லாததற்கு வருந்துகிறார் போலும் என்று நினைத்து, பரவாயில்லை என்று கன்வென்ஷன் ராகத்தில் துள்ளினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார் நடுவயதுக்காரர். இரண்டு வருடம் என்றேன். குரல் மறுபடியும் இறங்கியது. தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றார். அவர்கள் முகம் வாடியிருந்ததால் கொஞ்சம் தெம்பூட்டலாம் என்று, ஒவ்வொரு ஞாயிறும் ஷைனி என்னோடு பேசுகிறாள் என்றேன். அதன்பிறகு வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

முதலில் துக்கத்திலிருந்து மீண்டு வாருங்கள், வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று அன்பாகப் பதில் அனுப்பினார்கள். ஷைனிக்குப் படித்துக் காட்டினேன். இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது: அந்த ராகத்தில் பாதிதான் தொழில் பழக்கம். மீதி, அவளைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாதது.

அதன்பிறகு வேறு வேலை எதுவும் அமையவில்லை. கதை மட்டும் குடும்பத்தில் அமைந்துவிட்டது. பாறசாலையிலிருந்து மாமியார் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "மக்கா, எனக்க மொவ உயிரோட உண்டா?" என்பதுதான். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சொந்தக்காரர்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு 'லவிங் ஒய்ஃப்' என்று இழுப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் ஷைனி கூப்பிடுகிறாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, எப்படி இருக்கிறீர்கள் என்பதை மட்டும் இங்கிலீஷில் கேட்பாள். நான் தொண்டையைச் செருமி, "ஐ ஆம் ஃபைன்" என்று உற்சவத்துக்கு அழைப்பதுபோல் துள்ளுவேன்.

"மைக்க கீழ வச்சிட்டு சொல்லுங்க," என்பாள்.

கையில் மைக் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, அதே மூன்று சொல்லை மறுபடி சொல்வேன். இந்தத் தடவை கடைசிச் சொல் தானாகவே குழிக்குள் இறங்கிவிடும்.

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு," என்பாள்.