எங்கள் வீட்டுக் கூரையில் ஆந்தை உட்கார்ந்த விவரம்

ஜோலா குலத்துப் பெரியவர், என் தாய்மாமா முகுசேலி அவர்களுக்கு மருமகள் ஸிமாசா பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் போய்விட்டதாக யாராவது உங்களுக்குப் போன் செய்திருந்தால் நம்ப வேண்டாம். மாமியின் முழங்கால் வலி தேவலையா? ஆடுகளுக்கு மேய்ச்சல் இருக்கிறதா?

என்னைப் படிப்பிலிருந்து நிறுத்த அப்பா வருகிற சனிக்கிழமை தன் அண்ணன் தம்பிகளைக் கூட்டுகிறார். கேள்விப்பட்டால் தாய்மாமன் என்ற முறையில் எனக்காகப் பேச நீங்கள் கிளம்பி வந்துவிடுவீர்கள். வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் விலங்கியல் துறை ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எந்த வகுப்பில் கறுப்பர் எத்தனை, கலப்பினத்தவர் எத்தனை, இந்தியர் எத்தனை, வெள்ளையர் எத்தனை. முதலாண்டில் பாதிக்கு மேல் நம் பிள்ளைகள்தான், மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் வந்து ஒதுங்கியவர்கள். வருடத்துக்கு வருடம் கழன்றுகொள்வார்கள். என் வகுப்பில் பதினொரு பேர். கறுப்பர் கட்டத்தில் ஒன்று. அந்த ஒன்று நான். ஏன் ஒன்று என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். பேராசிரியை வெர்மாக்குக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷி மாமா, அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டாவது போகலாம். நம் பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உயிரினங்களைக் காட்டிப் பிள்ளைகளை இழுப்பது என்று முடிவு செய்தார்.

என்னோடு படிக்கும் கெர்ட், "பச்சோந்தியும் ஆந்தையும் கொண்டுபோவோம்! எங்க பண்ணையில புள்ளைங்க ஆந்தையைப் பாத்தா வீட்டுக்கே போகாதுங்க" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியை என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, உங்க ஆளுங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டார்.

பச்சோந்தியைத் தொட்டவள் உருப்பட மாட்டாள், ஆந்தை உட்கார்ந்த வீட்டில் பிணம் விழும் என்று நம் ஊரில் சொல்வதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "அட, நீயும் அதையெல்லாம் நம்புறியா?" என்று பத்து ஜோடிக் கண்கள் திரும்பும். நாலு வருஷமாக அந்தப் பார்வைக்குப் பயந்தே காலம் தள்ளுகிறேன். "ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன். என் நாக்கு அழுகட்டும் மாமா.

போனோம். பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பிள்ளைகள். பேராசிரியை பச்சோந்திப் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், முதல் வரிசை இரண்டாம் வரிசையின் மேல் ஏறியது, இரண்டாம் வரிசை ஜன்னல் மேல் ஏறியது, தலைமையாசிரியரே நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு "அமைதி, அமைதி" என்று கத்தினார், பெட்டி கவிழ்ந்து பச்சோந்தி தரையில் மெதுவாக ஊர்ந்தது, யாராவது மிதித்துவிடுவார்களே என்ற பதைப்பில் நான் அதைக் கையில் தூக்கிவிட்டேன், அது வழக்கம் போல என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அந்தக் களேபரத்தில் கெர்ட்டின் கையுறையிலிருந்து ஆந்தை எழும்பி ஜன்னல் வழியாகப் போயிற்று. பட்டப்பகலில் சாலையைத் தாண்டி, அத்தனை தகரக் கூரைகளையும் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர் வீடு என்று அப்பா பெருமையாகச் சொல்வாரே, அந்த வீடு.

நான் தோளில் பச்சோந்தியோடு ஓடினேன். என் ஆராய்ச்சியே பச்சோந்திகளைப் பற்றித்தான், வீட்டில் மட்டும் ரத்தப் பரிசோதனை என்று சொல்லி வைத்திருந்தேன். அப்பா வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். "இதுதான் உன் ரத்தப் பரிசோதனையா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

அதற்குள் ஆந்தையைப் பார்த்து அப்பா போய்விட்டார் என்றே முடிவு கட்டி, தேவாலயத்துப் பெண்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பாடியபடி வந்துவிட்டார்கள். படுக்கையறை மெத்தையை இழுத்துத் தரையில் போட்டு, விதவையை உட்கார வைப்பது போல அம்மாவை அதன்மேல் உட்கார வைத்தார்கள்.

"அடியே, அவரு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காருடி!" என்று அம்மா கதறினாள்.

"சாப்பிடட்டும். வந்ததுக்கு ரெண்டு பாட்டு பாடிட்டுப் போறோம். அப்புறம் ஒருதரம் நடக்க வேண்டாம் பாரு" என்றாள் தலைவி. அப்பா சோளமும் பயறும் வாயில் இருக்க, தன் இறுதிப் பாட்டைக் கடைசி வரை கேட்டார்.

நேற்றுப் பேராசிரியை தன் அறிக்கையை அனுப்பினார். "இச்சமூகத்து மாணவர்களுக்கு உயிரினங்கள் மீது இயல்பாகவே ஆர்வம் குறைவு" என்று முடித்திருக்கிறார். எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். மாமா, என் பெயர் அச்சில் வரப்போகும் முதல் ஆராய்ச்சி இது.

எனக்கு அலுத்துவிட்டது. அங்கே நான் இங்கத்தவள், இங்கே நான் சூனியக்காரி. சனிக்கிழமை நானே நர்ஸ் படிப்புக்கு மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன். படிவத்தில் சுழியம் போடுவதும் ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் அவ்வளவு தூரம் வேனில் இடிபட்டு வராதீர்கள்.

மாமிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. நம் முன்னோர் உங்கள் தொழுவத்தையும் வாசலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் ஸிமாசா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஏழு பேர், எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு. "அக்கா, நீங்க செத்துட்டீங்களான்னு தினமும் வந்து எட்டிப் பாத்தோம். அஞ்சு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே! அது தோள்ல ஏறுனப்ப கூசுச்சா? இந்தப் படிப்புக்கு எங்க எழுதிப் போடணும்?" என்று ஆளுக்கொரு கேள்வி. மூன்று மணி நேரம் இடத்தை விட்டு நகரவில்லை. விஷயம் அவர்கள் வீடுகளுக்கும் எட்டிவிட்டது, சனிக்கிழமை ஏழு அப்பாக்களும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அறிக்கையில் என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையே கிளம்பி வாருங்கள் மாமா. எனக்காக நானே பேசிக்கொள்வேன். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேருக்குத் தாய்மாமனே கிடையாது.