சனி முழுக்கும் பதினாலு டிகிரிக் கடலும்

ஆக்லாந்துக் கடலுக்குத் தினமும் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தெர்மாமீட்டர் அண்ணன்தான். யாழ்ப்பாணத்துக்காரர். ஹில்ஸ்பரோவில் எனக்குப் பக்கத்து வீடு. சொந்தப் பெயரை எப்போதோ சொன்னார், மறந்துவிட்டேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குளிக்கவைக்கும் தண்ணீரில் போட்ட வாத்து வடிவத் தெர்மாமீட்டரைத் தூண்டில் நரம்பில் கட்டி, வேலைக்குப் போகும் வழியில் ஒனெஹங்கா பாலத்திலிருந்து கடலுக்குள் இறக்குவார். மீன் பிடிக்க வந்தவர்கள் என்ன கிடைத்தது என்று கேட்டால், "பதினாறரை" என்பார்.

எல்லாம் சர்ஃபிங்குக்காக, பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காக. குளிர் தாங்கும் அந்த ரப்பர் உடுப்பு, அதாவது வெட்சூட், அவரிடம் மூன்று இருந்தது. கோடைக்குக் கை கால் குட்டையாக இரண்டு மில்லிமீட்டர் தடிமன். இடைப்பட்ட மாதங்களுக்கு மூன்று. குளிர்காலத்துக்கு நாலு, சப்பாத்தோடு. நியூசிலாந்தின் தலைகீழ்ப் பருவப்படி பெயர் வேறு வைத்திருந்தார்: பெப்ரவரியார், மேயார், ஆகஸ்டார். வாராவாரம் மூவரையும் கழுவிக் கொடியில் தொங்கவிடுவார். காற்றடித்தால் மூவரும் கைகால் உதறிச் சண்டை போடுவார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் என்னை நிறுத்தி, அந்த வீட்டில் எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று ரகசியமாகக் கேட்டார்.

ஓர் அக்டோபரில் வெயிலைப் பார்த்து மயங்கி, ஆபீஸ் நண்பரின் கோடை வெட்சூட்டை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வேலிக்கு மேல் அண்ணனின் தலை தெரிந்தது.

"தம்பி, வெயிலைப் பார்த்து உடுப்புப் போடாதையும். கடல் ரெண்டு மாசம் பிந்தித்தான் சூடாகும். எங்கட ஆக்கள் கலியாணவீட்டுக்கு வாற மாதிரி."

கேட்கவில்லை. பத்தே நிமிடத்தில் உதடு நீலமாகிக் கரையேறினேன். கார் கதவைத் திறக்கக்கூட விரல் மடங்கவில்லை.

"அண்ணே, நீங்க எந்த மாசம் இறங்குவீங்க?" என்று மறுநாள் கேட்டேன்.

"நான் இன்னும் இறங்கேல்லை. தண்ணி சரிவரேல்லை."

எட்டு வருடமாக! தண்ணீர் பதினெட்டு என்றால் மேயாருக்கு வியர்க்குமாம், பெப்ரவரியாருக்கு நடுங்குமாம். பதினெட்டரை ஆகட்டும் என்று காத்திருப்பார். ஆவதற்குள் சனிக்கிழமை முடிந்துவிடும்.

இவ்வளவும் மகளுக்காக. அவள் பதிமூன்று வயதிலிருந்து அலைமேல் நிற்கிறவள். ஒரே ஒரு நாள் அவளோடு தண்ணீரில் இருக்கவேண்டும் என்பதுதான் மனிதரின் ஆசை. போன செப்டம்பரில் அவளுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். சனிக்கிழமை காலையில் அண்ணன் என் கதவைத் தட்டினார்.

"பதினாலு, தம்பி. வருசத்திலயே மோசமான தண்ணி."

"அப்புறமா போகலாமே அண்ணே."

"பிறகு ஆரோட போறது?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் அவர் வீட்டுக்குப் போனேன். ஆகஸ்டாரோ அவரை உள்ளே விடவில்லை. வாங்கியபோது இருந்த வயிறு வேறு. நானும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் உடுப்பு முழங்காலைத் தாண்டவில்லை. அண்ணன் யோசித்தார். சனி முழுக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை அப்பிக்கொண்டார். ஆகஸ்டார் சர்ரென்று ஏறிவிட்டார்.

ஏறியது உடுப்பு மட்டும்தான். முரிவாய் கடற்கரையில், பலகையின் இந்தப் பக்கம் ஏறிய அண்ணன் அந்தப் பக்கம் இறங்கினார். அந்தப் பக்கம் ஏறினால் இந்தப் பக்கம். கழுத்து வழியே எண்ணெய் கசிந்து, அவரைச் சுற்றிக் கடல் ரசம் மாதிரி மினுங்கியது. பதினேழாவது முறைக்குப் பிறகு நான் மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மகளுக்கும் சிரிப்பில் நிற்க முடியவில்லை.

கடைசியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு காலையும் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, நுரையோடு நுரையாக அண்ணன் என் காலடிவரை வந்து சேர்ந்தார்.

"ஒன் மோர், அப்பா!" என்று அங்கிருந்து கத்தினாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

வந்தபோது அண்ணனுக்குப் பல் கிட்டித்திருந்தது. துடைக்கத் துவாயைக் கொடுத்தேன். வாங்காமல் நின்றார்.

"எட்டு வருசம் இவளைக் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்திட்டன். மடையன், தம்பி நான்."

உப்பும் எண்ணெயுமாக நின்ற அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொண்டேன். புதுச் சட்டை. போனால் போகட்டும், அண்ணன் நன்றாக இருக்கட்டும்.