பாவம் கண்டுபிடிக்கும் ஏ.சி.

லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கடவுள் காரில் வந்தார். அதுவும் வயசான வெளிநாட்டுச் சொகுசுக் காரில். ஓட்டி வந்தவர் வேதாசல சுவாமிகள். பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றுவார். நல்லவர் மேல் குளிர்காற்று வீசும். பாவி மேல் அனல் அடிக்கும். அனல் பட்டவர்கள் பரிகாரமாக நண்டும் இறாலும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடவுளுக்கு நண்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அனல் அடிக்குமே!

அந்தச் சமயத்தில் ஊர்ப் பெரியவர் பெரியசாமியின் புது வலை காணாமல் போனது. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் வசந்தா மேல்தான் சந்தேகம் என்றார் அவர். கார் சொல்லட்டும் என்றது ஊர்.

சுவாமிகள் வசந்தாவை இடப்பக்கமும் பெரியசாமியை வலப்பக்கமும் உட்காரவைத்தார். வசந்தா வேர்த்து வழிந்து இறங்கினாள். பெரியசாமி சில்லென்று இறங்கினார்.

"திருடி! இனிமே ஏரில எறங்காத!" என்று கத்தியது கூட்டம்.

வசந்தா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் எடுக்கலங்க. ஏரிய வுட்டா எனக்கு இன்னா இருக்குது?"

அவளிடம் இறால் வாங்கும் பழவேற்காட்டு வியாபாரி ஜொஹரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சாமி, பாவி எந்தப் பக்கம் குந்தினாலும் காருக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"அப்போ ரெண்டு பேரும் எடம் மாறிக் குந்தட்டும்."

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது!" என்றார் சுவாமிகள். சோதனை என்றாலே தெய்வங்களுக்கு ஏனோ உடம்புக்கு ஆகாமல் போய்விடுகிறது.

பெரியசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இன்னா பாவம் பண்ணேன்? குந்துறேன்!" என்று இடப்பக்கம் ஏறினார். வசந்தா வலப்பக்கம் ஏறினாள்.

கொஞ்ச நேரம்தான். "வேகுதுடா! தொறங்கடா!" என்று பெரியசாமி கதவை இடித்தார். வசந்தாவோ முந்தானையைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள்.

"இன்னா சாமி, பெரியவரு அவரு வலைய அவரே திருடிக்கினாரா?" என்றாள் ஜொஹரா. கூட்டம் சிரித்தது. "இப்போ நீங்க ஏறுங்க. எடது பக்கம்."

சுவாமிகள் தப்பிக்க வழி பார்த்தார். சுற்றிலும் ஆட்கள்.

"பழைய வண்டிம்மா," என்றார் மெல்ல. "எடது பக்க ஹீட்டர் வால்வு மூடவே மாட்டேங்குது. சாமான் எங்கயும் கெடைக்கல."

பெரியசாமி தலை குனிந்தார். "தப்புதாம்மா வசந்தா. நீ ஏரிக்குப் போ."

"போவத்தான் போறேன். அதுக்கு உங்க உத்தரவு எதுக்கு?" என்றாள் வசந்தா.

வால்வு கெட்டால் காரில் ஒரு பக்கம்தான் வேகும். யோசிப்பதை நிறுத்தினால் ஊரே வேகும்.