கிறவல் காக்காவும் பலித்துப்போன என் கட்டுரையும்

தார் ரோட்டுக்கு முத்தலாக் சொல்லிவிட்டு இவ்வளவு நிம்மதியாக வாழும் மனிதரை இந்தத் தீவில் வேறெங்கும் காண முடியாது. கல்முனையில் அவருக்குப் பெயர் கிறவல் காக்கா; எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கத்தான் வேண்டும். திடீரென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

தொழில், வாகனங்களுக்கு ஹோன் பூட்டுவது. மெயின் வீதியில் சின்னக் கடை. மோட்டார் சைக்கிளோ, ஓட்டோவோ, லொறியோ, அதற்குத் தொண்டை கொடுப்பவர் காக்காதான். பூட்டிய ஒவ்வொன்றையும் மூன்று தரம் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டார். இப்படி ஆறு நாள் ஊராரின் காதைக் கிழிக்க உதவி செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை விடியலில் சுபஹ் தொழுத கையோடு, ஹோன் சத்தம் கேளாத இடம் தேடிச் சைக்கிளோடு புறப்பட்டுவிடுவார். நண்பகல் ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் முன் ஊருக்குள் நிற்பார்.

அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். தாரில் சைக்கிள் உருளலாம், ஆனால் அவர் ஏற மாட்டார். வீட்டிலிருந்து கிட்டங்கிப் பாலம் தாண்டிக் தார் காணாத கிறவல் மண் பாதை தொடங்கும் வரைக்கும் உருட்டிக்கொண்டு நடப்பார். வழியில் வெள்ளிக்கு வெள்ளி அதே ஆட்கள் அதே கேள்வியைக் கேட்பார்கள்.

"என்ன காக்கா, காத்துப் போயிட்டா?"

"இல்ல மனே. சைக்கிளுக்குச் சீனி கூடிட்டாம். நடக்கட்டாம் டொக்டர்."

இரத்தத்தில் சீனி உண்மையில் கூடியிருந்தது எனக்கு. டொக்டர் நடக்கச் சொன்னார். நான் சைக்கிள் ஓடுவதாக வாக்குக் கொடுத்தேன், ஓடும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல். அந்த நேரம் பார்த்துக் கட்டாரில் இருக்கும் மச்சான் இருபத்தொரு கியர் சைக்கிளொன்றை அனுப்பித் தொலைத்தார். அதில் ஒரு கியர்தான் எனக்குப் பிடிபட்டது. மற்ற இருபதும் தங்கள் இஷ்டத்துக்கு விழுந்தன. மூன்று மாதம் அது விறாந்தையில் நின்றது.

"ஒண்டு அதுல ஏறுங்க, இல்லாட்டி உடுப்புக் காயப்போட எனக்குத் தாங்க" என்றாள் மனைவி.

கிறவல் காக்காவோடு சேர்ந்தேன். தலைக்குக் கவசம், கைக்கு உறை, பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த, தொடையைக் கவ்விப் பிடிக்கும் கறுப்புக் காற்சட்டை. வாசலில் மனைவி மறித்தாள்.

"பள்ளிக்குத் தொழப் போய் வாற ஆக்கள் காணுற நேரம். மேல ஒரு சாரன உடுத்துட்டுப் போங்க."

உடுத்தேன். பாலம் தாண்டியதும் கழற்றிச் சைக்கிளின் முன்னால் கட்டிக்கொண்டேன். காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குப் பேசாம சாரனோடயே ஓடலாமே தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய பாரச் சைக்கிளில் ஏறினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சவளக்கடைப் பக்கம் அந்த வாய்க்கால் கரைப் பாதை ஒரு தனி உலகம். இரண்டு பக்கமும் நெல் வேளாண்மை, நடுவே சிவப்புக் கிறவல், மேற்கே தூரத்தில் காடு. எதிரே வாகனமென்று ஒன்றும் வராது. டயருக்கடியில் கல் நெரியும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் காக்கா சாப்பாட்டுப் பெயர் வைத்திருந்தார். கல் பரவிய துண்டு முறுக்கு. காய்ந்து இறுகிய துண்டு ரொட்டி. ஈரம் ஊறி உள்வாங்கும் துண்டு, கரண்டி வைத்தால் அமுங்கும் வட்டிலப்பம்.

"வட்டிலப்பத்துல பிறேக் புடிக்கப்படாது. மறந்திராதீங்க" என்றார்.

மறந்துவிட்டேன். அன்று காலை முழுக்க அந்தப் பாதையில் எனக்கு எதிரே வந்த ஒரே போக்குவரத்து ஓர் ஆமை. அதோடு விபத்துக்குள்ளானவன் நான். ஆமை நிதானமாகக் குறுக்கே போக, நான் முன் பிறேக்கை முழுப் பலத்தோடு அழுத்த, சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. வாய்க்காலுக்குள் கிடந்தபடி பார்க்கிறேன், காக்கா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். வந்தவர் குனிந்து ஆமையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஆமைக்கு ஒண்டுமில்ல. நீங்க எப்பிடி தம்பி?"

கிட்டத்து வயலில் நின்ற கணபதிப்பிள்ளை அண்ணன்தான் என்னைக் கரையேற்றினார். காற்சட்டை பின்னால் கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. சைக்கிளில் கட்டியிருந்த சாரனும் அவிழ்ந்து விழுந்து தண்ணீரோடு போயிருந்தது. அண்ணன் தன்னுடைய மாற்றுச் சாரனைத் தந்தார், முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்தபடி.

வீடு வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முகவரி தேவைப்பட்டது. நான் பேப்பரில் வாராவாரம் பத்தி எழுதுகிறவன். ஆமையைத் திட்டி எழுதினால் ஆசிரியர் போடமாட்டார். ஆகவே அந்த வாரப் பத்தியில் பாதையைப் பிடித்துக்கொண்டேன். 'குண்டும் குழியுமான வாய்க்கால் வீதி, பொதுமக்கள் பெரும் அவதி, தார் எப்போது?' என்று வெளுத்து வாங்கினேன்.

இத்தனை வருடமாக வடிகான், தெருநாய், எரியாத விளக்கு என்று எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எந்த அதிகாரியும் தும்மக்கூட இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதினேன். பலித்துவிட்டது. இரண்டு மாதத்தில் நாடா பிடித்து அளந்தார்கள், கரையோரம் சிவப்பு மை பூசிய முளைகளை அடித்தார்கள்.

முதல் முளையைக் கண்டதும் காக்கா இறங்கிவிட்டார். அடக்கப் போகும் மையித்தைக் கண்டவர்போல நின்றார்.

"தார் போடப் போறானுகள் தம்பி. மறுகா லொறி வரும், ஓட்டோ வரும், எல்லாத்துலயும் நான் பூட்டின ஹோன்தான் இரிக்கும். எனக்கு இரிக்கிறது இந்த ஒரு ரோட்டுதான்."

நான் முளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பேப்பர்ல எழுதுற ஆள்தானே. இத நிப்பாட்டச் செல்லி நல்லா ஒரு கட்டுரை எழுதுங்களன்."

என் பத்தியை அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. எழுதுகிறவனுக்கு அது துக்கமான செய்தி. ஆனால் அந்த நிமிடம் அதைவிட நல்ல செய்தி எனக்கு வேறில்லை. "எழுதுவம் காக்கா" என்றேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அல்லாஹ் என்னை அதிக நேரம் தப்பவிடவில்லை. அடுத்த வெள்ளி கணபதிப்பிள்ளை அண்ணன் கையில் ஒரு பேப்பர் துண்டோடு வழிமறித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சேர், உங்கட புண்ணியம்! நீங்க எழுதினதாலதான் தார் வருது. மகளுக்குப் பிள்ளை பெற வயித்துக்குத்து வந்த அண்டைக்கு இந்த ரோட்டுக்கு ஒரு ஓட்டோக்காரனும் வரமாட்டனெண்டுட்டான். ரக்டர் பெட்டியிலதான் ஏத்திக் கொண்டு போனனாங்க."

காக்கா துண்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். அவசரமே இல்லாமல் தலைப்பைச் சத்தமாக வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பொதுமக்கள் எண்டா ஆரு தம்பி?"

"நான்தான் காக்கா."

சைக்கிள் என்மேல் பறந்து வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"புள்ள எப்பிடி அண்ணன்?"

"சுகமா இருக்கு காக்கா. பேத்தி. தவழுது."

காக்கா துண்டை மடித்து அண்ணனிடமே கொடுத்தார். "அப்ப தார் வரத்தானே வேணும்" என்றார். பிறகு சைக்கிளில் ஏறி, வாய்க்கால் முடியும் வரை போய், மெதுவாகத் திரும்பி வந்தார். முறுக்கு, ரொட்டி என்று ஒரு பேச்சும் இல்லை. நான் பின்னால் போனேன். அண்ணனுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறேன், ஆனால் அந்த அண்ணனை நினைத்து ஒரு வரிகூட நான் எழுதவில்லையே.

தார் போட்டு முடித்தார்கள். நான் காக்காவின் கடை இருக்கும் வீதியால் போவதை நிறுத்தினேன். மூன்றாவது வெள்ளி, சுபஹ் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தேன், கேற்றில் தட்டும் சத்தம். காக்கா சைக்கிளோடு நின்றார்.

"காக்கா, என்ன மன்னிச்சிக்கங்க..."

"அத மறுகா கதைப்பம். கெதியா வெளிக்கிடுங்க. காட்டோரமா ஒரு கிறவல் ரோட்டு கண்டிரிக்கன். ஒரு ஈ காக்கா இல்ல."

"நீங்க மட்டும் போயிருக்கலாமே காக்கா. நான் செய்த வேலைக்கு..."

"போன கிழம தனியத்தான் போனன்" என்றார். சைக்கிள் மணியைத் தேவையில்லாமல் துடைத்தார். "நல்ல ரோட்டு. ஆனா ஒருத்தரும் விழாம ஓடினது என்னவோ மாதிரி இரிந்திச்சு தம்பி."

அந்த ரோட்டு எங்கே இருக்கிறதென்று கேட்காதீர்கள். ஆசிரியர் கேட்டும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு அதில் இரண்டு தரம் விழுந்தேன். முதல் தரம் தவறி விழுந்தேன். இரண்டாம் தரம், காக்கா சிரிக்கட்டும் என்று நானாகவே விழுந்தேன்.