என்னைத் தலைகீழாகப் பெண் பார்த்தார்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுவைக்க என்னால் முடியாது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணைச் சிலரால் நோண்டாமல் இருக்க முடியாதே, அந்த மாதிரி. இந்தக் கெட்ட பழக்கம் என் கல்யாணப் பேச்சுக்குள் மூக்கை நுழைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் பம்பாயில், காட்கோபரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு செம்பூரில். அப்பாவுக்குத் தாராவியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய லேப்டாப் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தேன். பட்டனை அழுத்திவிட்டுப் போனால், அது கண் விழிப்பதற்குள் அம்மா ஒரு ஈடு இட்லி வேகவைத்து எடுத்துவிடுவாள். "விண்டோசைத் தூக்கிட்டு லினக்ஸ் போடு, பறக்கும்" என்றான் ஆபீஸ் நண்பன் ரோஹன். போட்டேன். நிஜமாகவே பறந்தது. விண்டோசில் நொண்டியடித்த விளையாட்டெல்லாம் அதில் ஓடியது. ரோஹனும் நானும் இன்னும் சிலரும் இணையத்தில் ஒரே குரல் குழுவில் சேர்ந்து பேசிக்கொண்டே, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பூதங்களைக் கொன்று குவித்தோம்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு ஒரு வியாதி வரும். அதைப் பற்றிப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. நான் எல்லாரிடமும் சொன்னேன். கட்டட வாட்ச்மேனிடம் சொன்னேன். குக்கர் வாங்க அப்பா கடைக்கு வந்த ஒரு அம்மாளிடம்கூடச் சொன்னேன். (பாவம், அவர் குக்கர் வாங்காமலே போய்விட்டார்.)

"இதுல வைரஸே வராதும்மா" என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

"கொசு வராம இருக்க எதாச்சும் போடுட்டி முதல்ல" என்றாள் அம்மா.

உண்மையில் எனக்கு லினக்சில் ஒன்றும் தெரியாது. எதற்கெடுத்தாலும் ஏஐயிடம் கேட்பேன். அது ஒரு கட்டளையைத் தரும். அதை அப்படியே கறுப்பு ஜன்னலில் ஒட்டி எண்டர் தட்டுவேன். என்ன தட்டினேன் என்று கேட்டால் தெரியாது. ஆனால் கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடும்போது பின்னால் நின்று பார்க்கிறவர்கள் என்னை ஒரு விஞ்ஞானி என்றே நினைத்தார்கள். போகப் போக நானும் நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் செந்திலின் சம்பந்தம் வந்தது. கொண்டு வந்தது சீத்தா கேம்ப்பில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா. பையனுக்குப் புணேயில் வேலை, அப்பா அம்மா பாளையங்கோட்டையில். அதற்கு முன்னால் வந்த இடங்களெல்லாம் பவுனைப் பற்றித்தான் கேட்டன. இந்தப் பையன் அத்தை மூலம் வேறொன்று கேட்டனுப்பியிருந்தான்: "பொண்ணுக்குப் பம்பாயை விட்டு வர இஷ்டமா, இல்ல நான் அங்க மாத்திக்கிட்டு வரட்டுமா?"

என் இஷ்டத்தை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வெளியில் "பாக்கலாம்" என்று அலட்டாமல் சொன்னேனே தவிர, மனசுக்குள் இந்த இடம் தட்டிப் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

நேரில் வருவதற்கு முன்னால், பையன் ஊருக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒருமுறை பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அப்பாவின் ஏற்பாடு எளிமையானது. தன் போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டால் முடிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போன்ல ஒருத்தர் மூஞ்சிதான்ப்பா தெரியும். என் லேப்டாப்ல பேசுவோம். பெரிய திரை, நல்ல மைக். ஏ-ஒன்னா இருக்கும்."

"சரியா வருமாட்டி, செல்வி?"

"அப்பா, லினக்ஸ்ப்பா!"

ஞாயிறு காலை. அத்தை மல்லிகைப்பூவோடு வந்து இறங்கியாயிற்று. நான் பட்டுப்புடவையில் உட்கார்ந்து ரோஹனைக் குரல் குழுவுக்கு அழைத்து மைக்கைச் சோதித்தேன். "ஏக்தம் கிளியர்" என்றான், துல்லியமாகக் கேட்கிறதாம். பிறகு காமிராவைத் திறந்தேன்.

நான் தலைகீழாகத் தெரிந்தேன். பின்னால் மின்விசிறி தரையில் முளைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜிமிக்கி இரண்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. இத்தனை நாள் குரலில் மட்டுமே விளையாடியதால், லினக்ஸ் போட்ட பிறகு காமிராவை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

பதறவில்லை. (விஞ்ஞானி அல்லவா?) ஏஐயிடம் போனேன். "படம் தலைகீழா தெரியுது. அவசரம்."

"மிகச் சிறந்த கேள்வி! கவலை வேண்டாம், இதை எளிதாகச் சரிசெய்யலாம்" என்று ஒரு கட்டளையைத் தந்தது. தட்டினேன். காமிராவே காணாமல் போயிற்று.

"போச்சு" என்று எழுதினேன்.

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி! மன்னிக்கவும்" என்று இன்னொன்று தந்தது. அது முதல் கட்டளையை ரத்து செய்து காமிராவை மீட்டது. நான் மறுபடி தலைகீழாகத் தொங்கினேன். மூன்றாவதாக ஒன்று தந்தது. தட்டினேன். திரை ஒரு வினாடி கறுத்து, பிறகு வெளிச்சம் வந்தது.

என் முகம் நேராகிவிட்டது! ஆனால் மற்றதெல்லாம் கவிழ்ந்துவிட்டது. மெனு, எழுத்துகள், கடிகாரம் எல்லாம் தலைகீழ். மவுசை இடப்பக்கம் தள்ளினால் அம்பு வலப்பக்கம் ஓடியது. கழுத்தை ஒடித்துக்கொண்டு ஏஐயின் கடைசி வரியைப் படித்தேன். "வாழ்த்துகள்! இனி எல்லாம் சரியாகத் தெரியும்."

அதைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தப் படம் என்று நான் சொல்லவில்லை. முதலில் காமிராவை நோண்டிப் பார்த்த அது, பிறகு காமிராவை விட்டுவிட்டுத் திரையைத் திருப்பிவிட்டது. தலைகீழான காமிராப் படம் தலைகீழான திரையில் விழுந்து, என் கண்ணுக்கு மட்டும் நேராகத் தெரிந்தது. இந்தக் கணக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம், என் முகம் நேராக இருக்கிறது, அது போதும் என்பதுதான்.

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது; ஸ்டூலில் இருந்த லேப்டாப்புக்கு எதிரே, அப்பாவும் அம்மாவும் அத்தையும் என்னோடு சோபாவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அம்பை விரட்டிப் பிடித்து அமுக்கினேன். திரை நிறையச் செந்திலின் குடும்பம் கூரையிலிருந்து தொங்கியது.

"என்னட்டி இது, மாப்பிள்ளை வௌவால் மாதிரி தொங்குதாரு?" என்று அப்பா என் காதில் கிசுகிசுத்தார். மைக் ஏக்தம் கிளியராக இருந்தது என்று முன்பே சொன்னேன்.

அந்தப் பக்கத்திலிருந்து செந்திலின் அம்மா, "வணக்கம்ங்க. தப்பா நினைக்காதிய, நீங்க எல்லாரும் தலைகீழா இருக்கிய" என்றார்.

அப்பா கடைக்காரர். தன் சரக்கில் குறை இருப்பதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் கிடையாது. "இல்லம்மா. மூலையில சின்னதா நாங்க தெரியுதோமே, நேராத்தான் இருக்கோம். நீங்கதான் தலைகீழா இருக்கிய."

"நாங்க சோபாவுலல்லா உக்காந்திருக்கோம்!"

"நாங்களும் சோபாவுலதான் இருக்கோம்!"

இரண்டு குடும்பமும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று முறைத்தன. பிறகு, யார் தொடங்கியது என்று தெரியவில்லை, எல்லாத் தலைகளும் சாய ஆரம்பித்தன. அம்மா இடப்பக்கம் சாய்ந்தாள், அப்பா வலப்பக்கம். அங்கே செந்திலின் அப்பா சாய்ந்து சாய்ந்து மனைவியின் தோளில் படுத்தேவிட்டார். அத்தை இந்த அரைகுறை வேலையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. சோபாவில் மல்லாந்து, தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்து, அங்கிருந்தே அறிக்கை தந்தாள். "மாப்பிள்ளை லட்சணமாத்தான் இருக்காவ!"

நான் மட்டும் கழுத்தை அசைக்காமல், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். அடக்கம் அல்ல, அவமானம்.

அப்போதுதான் செந்தில் முதல்முதலாக வாயைத் திறந்தான். சிரிப்பை அடக்க முடியாமல், "ரெண்டு பக்கமும் தலைகீழுன்னா அந்த லேப்டாப்பையே கவுத்துருங்களேன் மாமா" என்றான்.

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அப்பா அண்டா குண்டாவைக் கவிழ்த்து நிமிர்த்தியே பிழைத்தவர். சட்டென்று எழுந்து லேப்டாப்பைத் தூக்கி அப்படியே கவிழ்த்துவிட்டார். திரையின் மேல் விளிம்பு ஸ்டூலில் ஊன்ற, விசைப்பலகை மேலே கடை வாசல் தகரக்கூரை மாதிரி நீட்டிக்கொண்டது.

எல்லாம் நேராயிற்று. அவர்கள் நேர். மூலையில் நாங்கள் நேர். அங்கிருந்தும், "இப்பச் சரி! இப்பச் சரி!" என்று கைதட்டல். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு முகத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தான்.

ஒரே ஒரு குறை. அந்தக் கூரையை யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்பா பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். அதனால் அவரால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"நல்லாருக்காவ. நீங்க ஆட்டாம பிடிங்க" என்றாள் அம்மா.

பேச்சு சூடு பிடித்தது. செந்திலின் அம்மா என்னிடம், "ஞாயித்துக்கிழமை லீவுல என்னம்மா செய்வ?" என்று அன்பாகக் கேட்டார். புத்தகம் படிப்பேன், அம்மாவுக்குச் சமையலில் உதவுவேன் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"செல்வி! மர் கயா! மே மர் கயா யார்! பச்சா லே!"

லேப்டாப்பின் வயிற்றிலிருந்து ரோஹனின் அலறல். மைக்கைச் சோதித்த பிறகு குரல் குழுவிலிருந்து நான் வெளியே வரவில்லை. அவன்பாட்டுக்கு விளையாட ஆரம்பித்து, செத்துக்கொண்டிருக்கிறான்.

"யாரு அது? என்ன சொல்லுதாவ?" என்றார் செந்திலின் அம்மா.

சீத்தா கேம்ப்பில் பல காலம் இருந்து ஹிந்தியைக் கரைத்துக் குடித்த அத்தை, கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னாள். "யாரோ செத்துட்டாவளாம். காப்பாத்தச் சொல்லுதாவ."

நல்ல காரியம் பேசும் நேரத்தில் சாவுச் செய்தி! அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் கூரைக்கடியில் கையை விட்டுச் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைத் தடவித் தேடினேன். கிடைத்தது. அமுக்கினேன். அது சத்தத்தைக் கூட்டும் பொத்தான். "செல்வீஈஈ!" என்று ரோஹன் கட்டடம் அதிரக் கத்தினான்.

"ஒண்ணுமில்லங்க, அது விளையாட்டு" என்றேன், அழாத குறையாக. "கம்ப்யூட்டர்ல பூதத்தைக் கொல்லுத விளையாட்டு. என் கூட வேலை பாக்குற பையன். செத்தாலும் உடனே திரும்ப வந்துருவான்."

"திரும்ப வந்துருவானா? எத்தனை தடவை?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

அவர் சற்று யோசித்தார். "நல்ல வசதியால்லா இருக்கு."

இது பாராட்டா குத்தலா என்று நான் குழம்பி நின்றபோது, அப்பாவின் கை வலித்துவிட்டது. பிடி நழுவியது. கூரை சடாரென்று இறங்கி லேப்டாப் மூடிக்கொண்டது. மாப்பிள்ளை வீடு, ரோஹன், பூதம் எல்லாரும் ஒரே நேரத்தில் மறைந்தார்கள்.

சமையலறையில் போய்ப் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் இஷ்டத்தைக் கேட்ட ஒரே ஆளை நானே கவிழ்த்து மூடிவிட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திட்டாமல், மெதுவாக, "ஏன்ட்டி, தலைகீழா தெரிஞ்ச உடனே போன்லயே பேசியிருக்கலாம்லா?" என்றாள்.

அத்தனை கூத்திலும் அந்த யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. விஞ்ஞானிக்குச் சுத்தமாக வரவில்லை.

சொல்லி வைத்தாற்போல் அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. செந்திலின் அம்மா. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, கட் ஆயிட்டு? நாங்க இங்க சிரிச்சு முடிக்கல. எம் பையன் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லங்க, கீழ உருண்டுட்டான். பொண்ணு என்ன சொல்லுது? சரின்னா நாங்க அடுத்த வாரமே அங்க வாறோம். நேர்ல வந்து, நேரா உக்காந்து பாக்கணும்லா!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று உணர்ந்து, "சரிங்க அத்த!" என்று கத்தினேன். சத்தத்தில் ரோஹனை மிஞ்சிவிட்டேன் என்று அம்மா சொல்வாள்.

வந்தார்கள், நேராக உட்கார்ந்தார்கள், கல்யாணமும் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. செந்தில் சொன்னபடியே வேலையை இங்கே மாற்றிக்கொண்டான். இப்போது அவனும் குரல் குழுவில் இருக்கிறான். ரோஹனைவிட அதிகமாகச் சாகிறான்.

கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்கும் நேரம், போட்டோகிராபர் "ரெடி" என்றதும், செந்திலின் அம்மா கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான், இரண்டு குடும்பமும் பேசி வைத்தாற்போல் கழுத்தைச் சாய்த்துவிட்டன. பாளையங்கோட்டை மாமாக்கள், தாராவிச் சித்தப்பாக்கள், மாலையும் கழுத்துமாகச் செந்தில், எல்லாரும். சீத்தா கேம்ப் அத்தை கிட்டத்தட்ட தரையைத் தொட்டிருப்பாள். எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். புதிதாக வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க அவர்கள் கழுத்தும் மெல்லச் சாயும். ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் என் மாமியார் அதற்காகவே உள்ளே காத்திருப்பார். அந்தக் கழுத்து சாய்கிற நிமிஷம் பார்த்துக் காப்பியோடு வெளியே வந்து, கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.