கவுன்சிலிங்குக்குப் போன சீர்வரிசை

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். எம்.ரெட்டியபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. இதுவரை நான் ஊருக்கென்று எழுதியது 'யூரியா இன்று இல்லை' என்ற அட்டை ஒன்றுதான். (அதையும் வருகிறவர்களிடம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் எழுதி மாட்டினேன்.) இந்தக் கதையை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்தபடி ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உண்டு. அந்த ஒரே தகுதியில்தான் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவனாக ஆனேன். பருத்திக்காட்டுக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். விண்ணப்பத்தில் 'பெற்றோரின் கல்வித் தகுதி' என்ற கட்டம் வந்ததும் அதுவரை கணீரென்று பதில் சொன்ன பிள்ளைக்குக் குரல் இறங்கிவிடும். அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் நான் கேட்பதே இல்லை. பேசாமல் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அப்படி வந்தவள்தான் முத்துலட்சுமி. பரளச்சிப் பக்கம். அப்பா கருப்பசாமி என் கடையில் உரம் வாங்குகிறவர். அந்தப் பிள்ளைக்குக் கணிதம் படிக்க வேண்டும். வேறு எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தரவரிசைப் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. நம்பர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும் என்று அவளுடைய டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். (கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத நான்!) உர மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுப் பேராசிரியர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "ஏன் கணிதம் படிக்க விரும்புகிறாய்?" என்று கேட்டேன்.

"அவுக கேள்வியெல்லாம் கேக்க மாட்டாக அண்ணாச்சி. மார்க்கப் பாத்து சீட்டு குடுப்பாக, அம்புட்டுத்தான்."

"ஒருவேளை கேட்டா?"

"கேட்டா என் மூஞ்சியப் பாத்துக் கேப்பாக. நீங்க பொட்டாஷ் மூட்டையப் பாத்துல்ல கேக்குறீக."

கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் கருப்பசாமி வந்தார்.

"பெத்தவுகளோட வரணும்னு போட்டிருக்காமே அண்ணாச்சி?"

"ஆமா."

"தாய்மாமன் வரலாம்ல? எங்க வம்சத்துலயே காலேஜுப் படி ஏறப்போற மொதப் பிள்ள. மாமன் இல்லாம எப்படி?"

இந்த இடத்தில் நான் 'வேண்டாம், நீங்கள் இரண்டு பேர் போனால் போதும்' என்று சொல்லியிருக்க வேண்டும். எதிரில் நிற்கிறவர் ஆசையாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

"வரட்டுமே" என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு குட்டியானை லோடு வண்டி கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே இருபத்திரண்டு பேர். தாய்மாமன் வேலுச்சாமி வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கினார். தாய்மாமன் வந்தால் சும்மா வருவாரா? பதினோரு சீர்த்தட்டு. தேங்காய், வாழைப்பழம், ஆப்பிள், கற்கண்டு, ஒரு தட்டில் நான்கு நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும். நடுத் தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பரப்பி, அதன்மேல் முத்துலட்சுமியின் பைல். டி.சி., மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். ஒரிஜினல்!

"மேளத்துக்கும் சொன்னோம் அண்ணாச்சி. இன்னிக்கி முகூர்த்த நாளாம், ஆளு கிடைக்கல" என்று வேலுச்சாமி வருத்தப்பட்டார்.

வழிகாட்டி என்பதால் என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

கல்லூரி கேட்டுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம். வாட்ச்மேன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பட்டுச் சேலை, பூ, தட்டு. "கல்யாணத்துக்கு வந்தவுக இங்க நிறுத்தப்படாது. மண்டபம் அடுத்த கேட்டு. எடு, எடு, வண்டிய எடு!"

நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். (கூச்சக்காரனுக்குத் தெரிந்த ஒரே பதில்.) டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அடுத்த கேட்டில் வாழைமரமும் தோரணமும் கட்டியிருந்தது. வேலுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீகளா மச்சான்! படிக்க வார பிள்ளைகளுக்கு என்னமா மரியாத செய்யிறாக!"

"மாமா, அது கல்யாண வீடு. போர்டுல பொண்ணு மாப்ள படம் இருக்கு" என்று முத்துலட்சுமி கத்தினாள். அதற்குள் எல்லோரும் இறங்கி வரிசை கட்டிவிட்டார்கள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். என் கையில் சந்தனம் வைத்தார்கள். "வாங்க வாங்க, இம்புட்டு நேரமாவா வார்றது?" என்று நாலைந்து பெண்கள் ஓடிவந்து, கையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிய எங்கள் ஆட்களில் பாதிப் பேரைப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

"அத்தே, பைலு எங்க?" என்று முத்துலட்சுமி வேலுச்சாமியின் மனைவியைக் கேட்டாள்.

"தட்டோட வாங்கிட்டுப் போயிட்டாகடி."

முத்துலட்சுமி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மணியைப் பார்த்தாள். "அப்பா, நீங்க என்கூட வாங்க. நாம போய்க் கியூவுல நிப்போம். அண்ணாச்சி, நீங்க பைல எடுத்துட்டு வாங்க. ஓடியாந்துருங்க!"

அப்பாவும் மகளும் ஓடினார்கள். வேலுச்சாமியைத் தேடினேன். அவர் இலையில் பொங்கல் விழுந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. ஆக, நான்தான்.

சீர்த்தட்டுகள் எல்லாம் மணமேடையில், மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பின்னால் வரிசையாக இருந்தன. நாற்பது தட்டாவது இருக்கும். எல்லாத் தட்டிலும் அதே தேங்காய், அதே வாழைப்பழம். கீழே நாற்காலி நிறைய ஜனம். வீடியோக்காரர் லைட்டைப் போட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக்கூட நான் மேடை ஏறியதில்லை. (எனக்கு யாரும் பரிசு கொடுத்ததும் இல்லை.)

ஏறினேன். நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று முட்டி போட்டுத் தவழ்ந்தேன். அப்புறம்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"யோவ், யாருய்யா நீ? தட்டுல என்ன தேடுற?" என்று ஒரு பெரியவர் தோளைப் பிடித்தார்.

"டி.சி." என்றேன். எனக்கு வந்த வார்த்தை அது ஒன்றுதான்.

கல்யாணப் பொண்ணு லேசாகத் திரும்பினாள். "கவுன்சிலிங்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். "எனக்கு வலப்பக்கம், மூணாவது தட்டு. பைலு பாத்தேன். நானும் அங்கதான் படிச்சேன், முடிக்கல. நேரமாச்சு, ஓடுங்க."

நான் பைலை உருவவும் "கெட்டி மேளம்!" என்று சத்தம் வரவும் சரியாக இருந்தது. மேலே விழுந்த அட்சதையோடு ஓடினேன்.

கல்லூரியில் அந்த அறை வாசலுக்குப் போனபோது உள்ளே முத்துலட்சுமியின் குரல் கேட்டது.

"மேடம், என் நம்பர் போயிருச்சுன்னு சொல்லாதீங்க. நான் வந்து நிக்கிறேன்ல. சர்டிபிகேட் பக்கத்து மண்டபத்துல மணமேடைல இருக்கு. எங்க அண்ணாச்சி எடுத்துட்டு வாராக. அவுகளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, அதான் லேட்டு."

அறையே சிரித்தது. நான் உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். கருப்பசாமிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மேடம் பைலைத் திறந்ததும் மஞ்சள் அரிசி மேஜைமேல் கொட்டியது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. ஓரமாகக் கூட்டி வைத்துவிட்டு, "கணிதத்துல ரெண்டு இடம் இருக்கும்மா. உக்காரு" என்றார்.

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்கள். கருப்பசாமி பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். வெகு நேரம் ஆனது. பின்னால் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

முத்துலட்சுமி இப்போது மூன்றாம் ஆண்டு. அந்தக் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் நான் தவழ்ந்துகொண்டிருக்கிறேனாம். அதை யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, அது என் வீடு வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் என் மனைவி அதைக் காட்டாமல் காப்பி கொடுப்பதில்லை. "நம்ம கல்யாணத்துல தலையத் தூக்கி என்னையப் பாக்காத மனுசன், அடுத்தவுக முகூர்த்தத்துல மேடைய ஒரு வழி பண்ணிட்டு வந்திருக்காரு!" விண்ணப்பம் போட வருகிறவர்களும் விடுவதில்லை. "அண்ணாச்சி, இந்த வருசம் எத்தன தட்டு?"

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: கவுன்சிலிங் அன்றைக்குக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய போட்டோவும் இரண்டு ஜெராக்ஸும் மட்டும் பாக்கி இருந்தன. மறுநாள் காலை முத்துலட்சுமி தனியாகப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள்.